ஏர்ல் வீட்டு நாற்காலி என்கிறார்கள், எதை நம்புவது?

கேள்வி, நவம்பர் 2
யார்க்‌ஷயரில் ஒரு சிறு ஏலக்கூடத்தில் மகாகனிக் கைநாற்காலி ஒன்று வருகிறது. முதுகும் இருக்கையும் திணித்துத் தைத்தவை, மேலே பச்சைத் தோல், கைகளுக்குக் கீழே அடைப்பில்லாமல் திறந்தவை. "ஜார்ஜ் III காலம், சுமார் 1765, ஒரு ஏர்ல் குடும்பத்துக்காகச் செய்யப்பட்டது என்று வழிவழிச் செய்தி" என்று பட்டியலில் போட்டிருக்கிறார்கள் (ஏர்ல் என்பது பிரிட்டிஷ் பிரபுப் பட்டங்களில் ஒன்று). பின்சட்டத்தின் உட்பக்கம் சின்னப் பித்தளைத் தகடு ஒன்று, அதில் ஐந்து உருண்டை வைத்த மகுடம். 18ஆம் நூற்றாண்டின் பெயர்பெற்ற லண்டன் தச்சர் சிப்பென்டேலின் வேலையாக இருக்கலாம் என்று ஏலக்காரர் வாய்வார்த்தையாகச் சொல்கிறார். எவ்வளவு தூரம் நம்பலாம்?

பதில், நவம்பர் 2, இரவு
பட்டியல் வரியை முதலில் பிரித்துப் படியுங்கள். "ஜார்ஜ் III காலம்" என்றால் பொருளே 1760க்கும் 1820க்கும் நடுவில் செய்தது என்று ஏலக்கூடம் பொறுப்பேற்கிறது. "ஜார்ஜ் III பாணி" என்றால் அந்தப் பொறுப்பு இல்லை, பின்னாளில் அதே உருவில் செய்தது என்று அர்த்தம். ஒரு சொல்தான் வித்தியாசம், விலையில் பல மடங்கு. உங்களுக்கு "காலம்" என்று எழுதியிருக்கிறார்கள், நல்லது. "வழிவழிச் செய்தி" என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. சிப்பென்டேல் பெயரை வாயால் சொல்லிவிட்டு அச்சில் போடாமல் விட்டதே பதில்.

நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்க விடுவார்களா? ஏலத்துக்கு முந்தின பார்வை நாளில் கேட்டால் விடுவார்கள். டார்ச்சும் அங்குல டேப்பும் எடுத்துப் போங்கள்.

நவம்பர் 3
சிப்பென்டேல் விஷயத்தை முடித்துவிடுகிறேன். தாமஸ் சிப்பென்டேல் 1718இல் யார்க்‌ஷயரின் ஓட்லியில் பிறந்தவர், பட்டறை லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில், 1779இல் இறந்தார். தன் சாமான்களில் அவர் முத்திரை குத்தவில்லை, சீட்டு ஒட்டவில்லை. அதே காலத்துப் பாரிஸ் தச்சர்கள் பெயர் முத்திரை அடித்தாக வேண்டும், லண்டனில் அப்படி விதி இல்லை. லங்காஸ்டரின் கில்லோஸ் பட்டறை மட்டும் அந்த நூற்றாண்டின் கடைசியில் பெயர் குத்த ஆரம்பித்தது.

அதோடு 1754இல் தன் வடிவங்களை எல்லாம் படம் போட்டுப் புத்தகமாக விற்றார், 1762இல் பெரிதாக்கி மூன்றாம் பதிப்பும் வந்தது. காசு கொடுத்து வாங்கிய எந்த ஊர்த் தச்சரும் அதைப் பார்த்துச் செய்யலாம், செய்தார்கள். ஆகையால் "புத்தகத்தில் உள்ள படம் போலவே இருக்கிறது" என்பது சாட்சியே இல்லை. உங்களுடையதைப் போன்ற நாற்காலிக்கு அவர் வைத்த பெயர் பிரெஞ்சு நாற்காலி. இன்று வியாபாரிகள் கெய்ன்ஸ்பரோ நாற்காலி என்பார்கள்.

அவர் செய்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை பெரும்பாலும் பில்லும் வீடும் சேர்ந்து நிற்கும் இடங்கள்தான்: ஹேர்வுட், நோஸ்டெல், ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் ஹவுஸ் போன்றவை. பில் கையில், சாமான் அதே வீட்டில், நடுவில் கை மாறவில்லை. இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் சொல்லும் சொல்லின் பலம் குறைந்துவிடும்.

நவம்பர் 3, பிற்பகல்
கவிழ்த்த பிறகு பார்க்க வேண்டியவை. ஏலக்கூடத்தில் பத்து நிமிடம்தான் கிடைக்கும், அதனால் முக்கியமானதிலிருந்து போகிறேன்.

இருக்கைச் சட்டங்கள் என்ன மரம்? கால்கள் மகாகனியாக இருந்தாலும் தோலுக்குள் மறையும் சட்டங்களை பீச் மரத்தில் செய்வது லண்டன் வழக்கம். பீச் ஆணியைப் பிளக்காமல் பிடிக்கும், விலையும் குறைவு. ஆனால் பூச்சி விரும்பித் தின்னும். ஆக, பீச்சில் 1 முதல் 2 மில்லிமீட்டர் வட்ட ஓட்டைகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது ஓட்டைக்குப் பதிலாக நீளவாக்கில் வாய்க்கால் போலத் தெரிந்தால். பூச்சி வாய்க்காலை மரத்துக்குள்ளேதான் தோண்டும், வெளியேறும்போது மட்டும்தான் ஓட்டை போடும். வாய்க்கால் திறந்து கிடந்தால், ஏற்கெனவே உளுத்த பழைய மரத்தை யாரோ அறுத்து இழைத்துப் புதிதாகச் செய்திருக்கிறார்கள்.

அறுத்த தடம். நேர்கோடாக, கொஞ்சம் ஏறுமாறாக இருந்தால் கை ரம்பம். வில் போல வளைந்த தடம் வட்ட ரம்பம், அது நாற்காலிப் பட்டறைகளுக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில்.

மூலைகள். உள்மூலையில் முக்கோணக் கட்டை ஒட்டித் திருகியிருந்தால் பிற்காலம்.

திருகாணிகளில் ஒன்றைக் கழற்ற அனுமதி கிடைத்தால் அதன் நுனியைப் பாருங்கள். மழுங்கலாக, தலைக் கீறல் நடுவிலிருந்து கொஞ்சம் விலகி இருந்தால் கையால் அராவியது. ஊசி போல் கூர்நுனி இருந்தால் 1840களின் கடைசிக்குப் பிறகு.

நிறம். மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அடிப்புறம் வறண்டு, சாம்பல் கலந்த பழுப்பாக இருக்க வேண்டும். அடியில் கறுப்புச் சாயம் பூசியிருந்தால் யாரோ எதையோ மறைக்கிறார்கள்.

நவம்பர் 4
நேற்றைய குறிப்பில் மூலைக்கட்டை பற்றி எழுதியதைத் திருத்த வேண்டும், அப்படியே விட்டால் நல்ல நாற்காலியை ஒதுக்கிவிடுவீர்கள்.

18ஆம் நூற்றாண்டு ஆங்கில நாற்காலியில் மூலைக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கட்டையைச் சட்டங்களின் மேல்விளிம்பில் வெட்டிய பள்ளத்தில் இறக்குவார்கள். கட்டைக்கும் மூலைக்கும் நடுவில் காலியிடம் தெரியும். இருநூறு வருஷத்தில் அது விழுந்திருக்கும், பழுது பார்த்தவர் முக்கோணக் கட்டையைத் திருகிவிட்டுப் போயிருப்பார். ஆகவே கட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பள்ளத்தைத் தேடுங்கள். மூலையிலிருந்து சில அங்குலம் தள்ளி, இரண்டு சட்டங்களிலும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்த வெட்டு இருந்தால் பழைய குறுக்குக் கட்டை இருந்த இடம் அது. வெட்டு இல்லாமல் முக்கோணக் கட்டை மட்டும் இருந்தால்தான் சந்தேகம்.

கழுந்தையும் பாருங்கள். காலில் வெட்டிய குழியான பொளிக்குள் சட்டத்தின் நுனியில் செதுக்கிய நாக்கான கழுந்து நுழைந்து, இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். இடைவெளியில் உருண்டைக் குச்சி தெரிந்தால் அது இயந்திரக் காலத்து வேலை, அல்லது உடைந்த கழுந்துக்கு மாற்று. நான்கு மூலையிலும் குச்சி என்றால் மாற்று இல்லை, பிறப்பே அப்படி.

நவம்பர் 4, இரவு
"கை பிறகு சேர்த்ததா என்று எப்படித் தெரியும்" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். உணவறை நாற்காலிகளில்தான் இந்த மோசடி அதிகம், கை வைத்தது கை இல்லாததைவிட விலை கூடுதல் என்பதால். டேப்பை எடுங்கள். கை வைத்துப் பிறந்த நாற்காலியின் இருக்கை முன்பக்கம் அதே வரிசையின் கையில்லாததைவிட இரண்டு அங்குலமாவது அகலமாக இருக்கும். உட்காருபவர் கைகளுக்கு நடுவில் இறங்க இடம் வேண்டுமே. முன்னகலம் 21, 22 அங்குலத்தில் நின்று, மேலே கையும் இருந்தால் கையைச் சந்தேகப்படுங்கள்.

திணித்த பிரெஞ்சு நாற்காலி இன்னும் பெரிது. இருக்கை முன்னால் 27 அங்குலம், பின்னால் 23, ஆழம் 22 என்று அந்த 1762 பதிப்பிலேயே அளவு கொடுத்திருக்கிறது. உங்கள் நாற்காலி இதற்கு ஓர் அங்குலம் முன்னே பின்னே இருந்தால் கவலை இல்லை.

நவம்பர் 6
மகுடத்துக்கு வருவோம். ஐந்து உருண்டை என்றதும் ஏர்ல் என்று ஏலக்காரர் எழுதிவிட்டார். எண்ணினால் போதாது, உருண்டை எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

படத்தில் முன்பக்கம் மட்டும்தான் தெரியும். உயர்ந்த பட்டத்திலிருந்து கீழே வருகிறேன். டியூக்குக்கு ஐந்து ஸ்ட்ராபெரி இலை, உருண்டை கிடையாது. மார்க்விஸுக்கு மூன்று இலை, நடுநடுவே இரண்டு உருண்டை. ஏர்லுக்கு ஐந்து உருண்டை, ஒவ்வொன்றும் உயரமான முள்ளின் நுனியில், முள்ளுக்கு நடுவே சின்ன இலை. வைகவுண்டுக்கு விளிம்பிலேயே ஒட்டி ஒன்பது உருண்டை, பாரனுக்கு அதேபோல நான்கு. பாரனெட்டுக்கு மகுடமே இல்லை, குலச்சின்னத்தில் சிவப்புக் கை ஒன்று வரும், அவ்வளவுதான். ஒன்பது உருண்டையும் முள்மேல் நின்றால் அது ஆங்கிலேயக் குடும்பமே அல்ல, ஐரோப்பியக் கோமகன் ஒருவருடையது.

வெறும் தலைச்சின்னம் (கேடயத்துக்கு மேலே நிற்கும் உருவம்) மட்டும், சிங்கத் தலையோ கையில் வாளோ, மகுடம் இல்லாமல் இருந்தால் அது பிரபுவாகவே இருக்க வேண்டியதில்லை. சாதாரண நிலக்கிழார் குடும்பங்களும் போட்டுக்கொண்டார்கள். ஒரே தலைச்சின்னத்தைப் பல குடும்பங்கள் வைத்திருந்ததும் உண்டு. முழுக் கேடயம் இருந்தால்தான் குடும்பத்தைப் பிடிக்கலாம். கேடயம் இரண்டாகப் பிரிந்து மனைவி வீட்டுச் சின்னம் பக்கத்தில் இருந்தால் எந்தத் தலைமுறை என்றுகூடப் பிடித்துவிடலாம்.

நவம்பர் 6, பின்னிரவு
பட்டம் கிடைத்த வருஷத்தை வைத்துச் சோதிப்பது எனக்கு மிகவும் பிடித்த வழி, காசு செலவில்லை. டண்டாஸ் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சர் லாரன்ஸ் டண்டாஸ், படைகளுக்குச் சாமான் சப்ளை செய்து பெரும் பணக்காரர் ஆனவர், 1762இல் பாரனெட். மகன் தாமஸ் 1794இல் பாரன். பேரன் காலத்தில், 1838இல், ஏர்ல் ஆஃப் ஜெட்லண்ட். 1892இல் மார்க்விஸ். வங்காள ஆளுநராக இருந்து பின்னர் இந்தியாவுக்கான அமைச்சரானவரும், 1940இல் காக்ஸ்டன் ஹாலில் உதம் சிங் சுட்டபோது காயம்பட்டவருமான ஜெட்லண்ட் பிரபு இந்த வழியில் வந்த இரண்டாம் மார்க்விஸ்.

இப்போது பாருங்கள். இந்தக் குடும்பத்து 1765 நாற்காலியில் ஏர்ல் மகுடத்தைச் செதுக்கி, அது ஆதியிலிருந்தே இருக்கிறது என்றால் பொய். 1765இல் அவர்கள் வீட்டில் ஏர்லே இல்லை. அதே நாற்காலியில் மார்க்விஸ் பெயர் போட்ட காகிதச் சீட்டு இருந்தால் பொய் இல்லை, 1892க்குப் பிறகு யாரோ வீட்டுச் சாமானைக் கணக்கெடுத்தபோது ஒட்டியிருக்கிறார்கள். சின்னம் மரத்தோடு பிறந்ததா, பிறகு வந்ததா என்பதைப் பொறுத்து அதே சின்னம் சாட்சியாகவும் ஆகும், குற்றமாகவும் ஆகும்.

நவம்பர் 7
டண்டாஸ் நாற்காலிகளையே கொஞ்சம் நின்று பார்க்கலாம், சாட்சிகளின் முழுச் சங்கிலி எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

லண்டன் ஆர்லிங்டன் ஸ்ட்ரீட்டில் டண்டாஸின் 19ஆம் எண் வீட்டுக்காக எட்டுக் கைநாற்காலி, நான்கு சோஃபா. வடிவம் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம், வரைபடம் 1764, இன்றும் லண்டன் சோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செய்தது சிப்பென்டேல், 1765 பில்: எட்டு நாற்காலிக்கு 160 பவுண்டு, அதாவது ஒன்று 20 பவுண்டு. நான்கு சோஃபாவுக்கு 216. ஆடம் வரைந்து சிப்பென்டேல் செய்ததாக ஆவணத்தோடு நிற்பது இது ஒன்றுதான். 1934இல் குடும்பம் ஏலத்தில் விற்றது. ஒரு நாற்காலி விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரைபடம், பில், வீடு, ஏலப் பட்டியல், அருங்காட்சியகம், ஒரு கண்ணியும் விட்டுப்போகவில்லை.

பில்லில் இரண்டு சொற்கள் முக்கியம். துணி வாடிக்கையாளருடையது, "உங்கள் சொந்த டமாஸ்க்" என்றே எழுதியிருக்கிறது. பட்டு டமாஸ்க்தான் விலை கூடிய பகுதி, அதை டண்டாஸே தனியாக வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆக 20 பவுண்டு மரம், செதுக்கல், முலாம், திணிப்பு, உருளைகளுக்கு மட்டும். இன்னொன்று "எண்ணெய்த் தங்கம்". இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

நவம்பர் 8
தங்கம் பூசிய நாற்காலி வாங்க நினைப்பவர்களுக்கு. பழைய நாற்காலி என்றால் தண்ணீர் முலாம்தான், எண்ணெய் முலாம் என்றால் பிற்காலப் பழுது, ஒதுக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். வேறொரு கேள்விக்கான பதிலில் நானும் அப்படித்தான் எழுதினேன். அது தவறு. 1765இல், லண்டனின் மிக விலை கூடிய நாற்காலிகளுக்கே எண்ணெய் முலாம் போட்டதாகப் பில் இருக்கும்போது அந்த விதி நிற்காது. முலாம் வகை காலத்தைச் சொல்லாது, பளபளப்பையும் உழைப்பையும்தான் சொல்லும்.

வித்தியாசம் இதுதான். தண்ணீர் முலாமில் மரத்தின்மேல் முயல்தோல் பசையும் சீமைச் சுண்ணாம்புத் தூளும் கலந்த பூச்சு பல கை, மேலே சிவப்புக் களிமண், அதை நனைத்துத் தங்க ரேக்கு, காய்ந்ததும் அகேட் கல்லால் தேய்த்து மெருகு. எண்ணெய் முலாமில் ஒட்டும் எண்ணெய்ப் பூச்சின்மேல் ரேக்கு, மெருகு ஏறாது, மங்கலாகவே இருக்கும். தண்ணீர் முலாமை ஈரத் துணியால் துடைத்தால் பசை கரைந்து தங்கம் துணியோடு வந்துவிடும். அதனால் எந்த வகை என்று தெரியும்வரை உலர்ந்த மென்தூரிகை தவிர வேறெதுவும் கூடாது. பித்தளைத் தூள் சாயத்தால் ஒட்டுப்போட்ட இடம் காலப்போக்கில் பழுப்பும் பச்சையுமாகக் கறுத்துவிடும், பக்கத்தில் உள்ள தங்கம் அப்படியே இருக்கும். கண்ணாலேயே தெரியும்.

நவம்பர் 9
அரச அரண்மனை முத்திரை உள்ள சாமான் பிரபு வீட்டில் எப்படி வந்தது, திருட்டா என்று ஒருவர் கேட்கிறார். திருட்டு இல்லை, பதவிக்கான உரிமை. மன்னரோ அரசியோ இறந்தால் அவர்கள் அறைச் சாமானை அரண்மனை அதிகாரிகள் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. கென்ட்டில் உள்ள நோல் மாளிகை அப்படித்தான் நிறைந்தது. டார்செட்டின் ஆறாம் ஏர்ல் சார்ல்ஸ் சாக்வில் 1689 முதல் 1697 வரை மூன்றாம் வில்லியமின் அரண்மனை அதிகாரி. 1694இல் அரசி மேரி இறந்த பிறகு வொயிட்ஹால் அரண்மனைச் சாமான்கள் வண்டி வண்டியாக நோலுக்குப் போயின. அந்த மாளிகை 1946 முதல் நேஷனல் டிரஸ்ட் வசம்.

நவம்பர் 11
கேள்வி கேட்டவர் பார்த்துவிட்டு வந்து தகவல் போட்டிருக்கிறார். அவர் சொன்னபடி: பீச் சட்டம், நான்கு மூலையிலும் முக்கோணக் கட்டை, ஆனால் அதற்கு வெளியே சாய்ந்த பள்ளங்கள் காலியாக. முன்னகலம் 26½ அங்குலம். சட்டத்தின் கீழ்விளிம்பில் ஆணி ஓட்டைகள் மேல் ஓட்டைகள், சல்லடை மாதிரி. உள்ளே சுருள் ஸ்பிரிங், சணல் துணி.

நல்ல செய்தி. ஆணி ஓட்டைகள் நெருக்கமாக இருப்பது தோல், துணி பலமுறை மாறியதற்கு அடையாளம். இருநூற்று அறுபது வருஷச் சட்டத்தில் ஒரே வரிசை ஓட்டை இருந்தால்தான் சட்டம் புதிது. ஸ்பிரிங்கைப் பார்த்துத் தளர வேண்டாம். சுருள் ஸ்பிரிங் நாற்காலிக்குள் வந்தது 1820களின் கடைசியில், வங்காளச் சணல் துணி அதற்கும் பிறகு. ஆக இந்தத் திணிப்பு விக்டோரியா காலத்தில் போட்டது, மரம் அதற்கு முந்தியது. ஆதியில் லினன் பட்டையும் சுருட்டிய குதிரை முடியும் இருந்திருக்கும், உயரம் இவ்வளவு இருந்திருக்காது.

சட்டத்தில் ஆங்கில வி போல வெட்டு ஏதாவது தெரிந்ததா? ஒட்டும்போது கவ்வி வழுக்காமல் பிடிக்க லண்டன் பட்டறைகளில் போட்ட வெட்டு அது. அதையும், காலுக்கருகே காரணமில்லாத திருகு ஓட்டைகளையும் தேடுங்கள். வண்டியில் ஏற்றும்போது கட்டை வைத்துத் திருகிய இடமாக இருக்கலாம்.

நவம்பர் 12
தகடு பற்றி அவர் அனுப்பிய படம்தான் எல்லாவற்றையும் தீர்த்தது. ஏலக்காரர் அனுமதியோடு ஓர் ஓரத்தை மெல்லத் தூக்கியிருக்கிறார். தகட்டுக்கு அடியில் உள்ள பீச்சும் வெளியே உள்ள பீச்சும் ஒரே பழுப்பு. நூறு வருஷம் மூடிக் கிடந்த மரம் வெளிறி இருக்க வேண்டும், தகட்டின் வடிவம் நிழல் போல விழுந்திருக்க வேண்டும். இங்கே நிழலே இல்லை. ஆணி உருண்டைக் கம்பியில் இயந்திரம் வெட்டியது. தகட்டில் ஏற்கெனவே இருந்த இன்னொரு ஜோடி ஓட்டைக்கு நேரே மரத்தில் ஒன்றும் இல்லை. வேறெங்கோ இருந்த தகட்டை இங்கே கொண்டுவந்து அடித்திருக்கிறார்கள்.

அவர் அனுப்பிய இன்னொரு படத்தை யாரும் கவனிக்கவில்லை. பின்சட்டத்தில் கறுப்பு மையில் அச்சு வெட்டிப் பூசிய எண், பாதி அழிந்தது. கிறிஸ்டிஸ் ஏலக்கூடம் தன்னிடம் வரும் சாமானில் இப்படி எண் போடும் வழக்கம் உண்டு. தகட்டை விட்டுவிட்டு இந்த எண்ணைப் பிடியுங்கள். பக்கவாட்டில் சாய்த்து டார்ச் அடித்துப் படம் எடுங்கள், ஈரத்தால் துடைக்காதீர்கள். எண் முழுதாகத் தெரிந்தால் கிறிஸ்டிஸ் ஆவணப் பிரிவுக்கு எழுதிக் கேட்கலாம். விற்றவர் பெயர் கிடைத்தால் அந்தக் குடும்பக் காகிதங்கள் எந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன என்று தேசிய ஆவணக் காப்பகத்தின் தேடுதளத்தில் தேடலாம். டண்டாஸ் காகிதங்கள் நார்தலர்ட்டனில் இருப்பதுபோல. தச்சர் பெயர் ஏதாவது பில்லில் வந்தால் பிஃப்மோ (BIFMO) இணையதளத்தில் பாருங்கள், ஆங்கிலத் தச்சர் பெயர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இலவசம்.

நவம்பர் 12, இரவு
வாங்கினால் செய்ய வேண்டியது. பாலிதீனில் சுற்றாதீர்கள். அடியில் கறுப்புத் தாள் விரித்து மே முதல் ஆகஸ்ட் வரை விடுங்கள், வெளிர் தூள் விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம். குளிர்காலத்தில் ஹீட்டர் அருகே வைத்தால் வஜ்ஜிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பழைய தச்சுப் பசை) காய்ந்து கழுந்து ஆடும். ஆடினால் கடையில் விற்கும் வெள்ளைப் பசையை ஊற்றாதீர்கள், அடுத்தவர் பிரிக்க முடியாது. வஜ்ஜிரத்தையே சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரிக்குச் சூடாக்கிப் பூசுங்கள், 70ஐத் தாண்டினால் அதன் பிடி போய்விடும். மகாகனிக்குத் தேன்மெழுகு வருஷத்துக்கு ஒருமுறை போதும். ஆளி விதை எண்ணெய் வேண்டாம், அது தூசைப் பிடித்துக் கறுத்துவிடும்.

நவம்பர் 13
தகட்டைப் பிடுங்கி எறியலாமா என்கிறார். எறியாதீர்கள். கழற்றி ஒரு உறையில் போட்டு, "பின்சட்டத்தின் உட்பக்கம் இருந்தது, கீழே நிழல் இல்லை" என்று தேதியோடு எழுதி, ஏலப் பட்டியலின் அந்தப் பக்கத்தையும் ரசீதையும் சேர்த்து வையுங்கள். ஆணி ஓட்டைகளை மெழுகால் அடைக்க வேண்டாம். ஏலத்தில் கை தூக்கும்போது ஏர்லுக்காக ஒரு பவுண்டுகூடச் சேர்க்காமல், 1760களின் நல்ல லண்டன் நாற்காலிக்கு என்ன விலையோ அதற்கு மட்டும் தூக்குங்கள்.